அவளுக்கு நான் எழுதிய வெற்றிக்கதை

சித்தேரி மலையில் காட்டில் புதராக மண்டும் உண்ணிமுள்ளை வெட்டிக்கொண்டு வந்து நாற்காலியும் கூடையும் செய்யப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பயிற்சித் திட்டத்தில் நான் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். பெயர்தான் பெரிது. ஆள் சேர்ப்பது, காலையில் வருகை எடுப்பது, போட்டோ பிடிப்பது, மாதக் கடைசியில் அறிக்கை எழுதுவது, இவ்வளவுதான் என் வேலை. தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் கர்நாடக எல்லைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாஸ்டர். பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுவார். இரண்டு வருடம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எனக்கு ஒரு ஸ்டூல்கூட ஆடாமல் நிற்கிற மாதிரி செய்ய வரவில்லை. எனக்கு வந்தது எழுத்து. அதனால்தான் இதெல்லாம் நடந்தது.

உண்ணிமுள் ஏறிய காட்டில் புல் முளைக்காது. ஆடு மேய்க்க வழி இருக்காது. அதை வெட்டினால் யாரும் வருத்தப்படப் போவதில்லை என்பதால் வனத்துறையிலும் சிரமமில்லாமல் அனுமதி கிடைத்தது. தண்டுகளைப் பெரிய டிரம்மில் வேகவைத்து, தோலை உரித்து, சூடு ஆறுவதற்குள் வளைத்து ஆணி அடித்துவிட்டால் பார்க்கப் பிரம்பு போலவே இருக்கும். முதல் குழுவில் பன்னிரண்டு பெண்கள். ஊர்ச் சமுதாயக் கூடத்தில் மூன்று மாதம் பயிற்சி, பிறகு அங்கேயே வேலை. நான் தினமும் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஸ்கூட்டியில் மலையேறிப் போவேன்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவளுக்கு முப்பது வயது இருக்கும், என்னைவிட ஆறேழு வயது சின்னவள். ஒரு பெண் குழந்தை, அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் அளவு சொல்லி முடிப்பதற்குள் அவள் தண்டை எடுத்து முழங்காலில் வைத்து வளைத்திருப்பாள். செய்து முடித்த நாற்காலியில் மற்றவர்கள் பயந்து பயந்து உட்காருவார்கள். அவள் மட்டும் மூட்டையைப் போடுகிற மாதிரி தொப்பென்று உட்கார்ந்து, இடமும் வலமும் ஆட்டிப் பார்த்து, சத்தம் வந்தால் எழுந்து ஆணியைப் பிடுங்கி மறுபடி ஆரம்பிப்பாள். "இப்பவே சத்தம் போட்டா ஏற்காட்ல ஒக்கார்றவன் என்னா சொல்லுவான்?" என்பாள். ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதிக்காரர் பன்னிரண்டு நாற்காலி கேட்டிருந்தார்.

அவளுடைய புருஷனும் எங்களுக்கு நன்றாகப் பழக்கம். முள்வெட்டப் பெண்கள் கூட்டமாகக் காட்டுக்குப் போன முதல் நாளில், மற்ற ஆண்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தபோது, அவர் மட்டும் கையில் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு வெட்டுக்கத்தியோடு வந்தார். அன்று முதல் அவளுக்கு வேண்டிய கட்டு அவர் தோளில்தான் வரும். தன் சாமை வயலில் வேலை இல்லாத நாளில் கூடத்து வாசலில் உட்கார்ந்து தோலும் உரிப்பார். "என்னாங்க, உங்களுக்கும் அட்டெண்டன்ஸ் போடச் சொல்லவா?" என்று பெண்கள் கேட்பார்கள். "போட்டா ஆவாதுன்னா சொல்றேன்," என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். அதிகம் பேசமாட்டார்.

ஒரு மத்தியானம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்தோம். யாரோ குடியைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். பேச்சு சுற்றி வந்தபோது அவள் சொன்னாள்.

"கல்யாணமான மொத வருசம் எங்க வூட்டுக்காரரு திருவிழாவுல குடிச்சிட்டு வந்து என்னை ஒரு அறை வுட்டாருக்கா. வுடிஞ்சதும் என்கிட்ட ஒண்ணும் சொல்லாம எங்கண்ணனுங்க வூட்டுக்குப் போயிட்டாரு. போயி, 'உங்க தங்கச்சிய அடிச்சிட்டேன், இன்னொரு வாட்டி கைய வச்சேன்னா என்னைக் கேளுங்க'ன்னு சொல்லிட்டு நின்னாராம். அவனுங்க ரெண்டு பேரும் என்னா பண்றதுன்னு தெரியாம சோத்தப் போட்டு அனுப்பிவுட்டானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அப்பறம்?" என்று கேட்டேன்.

"அப்பறம் என்னா? அன்னையோட சரி. குடியும் இல்ல, அடியும் இல்ல. பத்து வருசமாச்சு." அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்தது பெருமை. எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. பிறகு தெரியாத மாதிரி எழுதினேன்.

வருடக் கடைசியில், திட்டத்துக்குப் பணம் கொடுக்கும் நிறுவனத்துக்கு ஐந்து வெற்றிக்கதைகள் அனுப்ப வேண்டியிருந்தது. அவளுடையதைத்தான் முதலில் எழுதினேன். ஆசையாகத்தான் எழுதினேன். எப்படி வேலை கற்றாள், புருஷன் எப்படி முள்வெட்டித் தந்தார், ஏற்காட்டு விடுதிக்கு நாற்காலிகள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தேன். தர்மபுரி அலுவலகத்திலிருந்து எங்கள் இயக்குநர் போன் செய்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"நல்லா இருக்கும்மா. ஆனா இதுல போராட்டம் எங்க? முன்னாடி எப்படி இருந்தாங்க, இப்ப எப்படி ஆயிட்டாங்கன்னு ஒரு வித்தியாசம் தெரியணும் இல்லையா? கொஞ்சம் பாருங்க."

அவர் பொய் எழுதச் சொல்லவில்லை. இதை நான் எத்தனையோ முறை எனக்குள் மாற்றிப் பார்த்திருக்கிறேன், அவர் சொல்லித்தான் எழுதினேன் என்று. அப்படி இல்லை. கொஞ்சம் பாருங்க என்றுதான் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் வாடகை வீட்டில் டீயோடு உட்கார்ந்து மாற்றி எழுதினேன். குடிகாரக் கணவன். தினமும் அடி உதை. பிறந்த வீட்டுக்கும் போக முடியாமல், குழந்தையை அணைத்துக்கொண்டு அழுத நாட்கள். பயிற்சியில் சேர்ந்த பிறகு தலைநிமிர்ந்தாள். 'இன்று அவள் யாரையும் நம்பி இல்லை' என்று முடித்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் கடைசி வரியை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. நானே ஜோடித்த பொய்க்கு நானே அழுதேன். இன்றைக்கு நினைத்தால் வேறெதையும்விட இதுதான் கூசுகிறது.

ஆங்கிலத்தில் எழுதியது, எங்கோ போகப் போகிறது, மலையில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கும் படத்தைச் சேர்த்து அனுப்பிவிட்டேன். இயக்குநர் ஒரே வரியில் பதில் போட்டார்: மிகவும் சிறப்பு.

இரண்டு மாதம் கழித்து, தர்மபுரியில் ஒரு விழா வைத்து எல்லாத் திட்டங்களின் கதைகளையும் தமிழில் சிறு புத்தகமாக வெளியிடப் போவதாகச் சொன்னார்கள். மொழிபெயர்த்த பக்கங்கள் பிழை பார்க்க என்னிடமே வந்தன. தமிழில் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆங்கிலத்தில் யாரோ ஒருத்தியாக இருந்தவள் தமிழில் அவளாகவே இருந்தாள். அப்போதாவது ஒரு போன் செய்து, இதை எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் செய்தது என்னவென்றால், ஒரு இடத்தில் விட்டுப்போயிருந்த ஒற்றெழுத்தைச் சேர்த்துத் திருப்பி அனுப்பியதுதான்.

விழா நாள் காலையில் மலையிலிருந்து ஒரு வேன் ஏற்பாடு செய்திருந்தோம். கண்காட்சிக்கு வைக்க எட்டு நாற்காலிகள், ஒரு ஊஞ்சல். கட்டி ஏற்ற ஆள் வேண்டும் என்று அவளுடைய புருஷனை நான்தான் கூப்பிட்டேன். "நீங்களும் வாங்க, சாமானைப் பத்திரமா எறக்கணும்," என்றேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். புத்தகத்தைப் பற்றிய நினைப்பு அப்போது எனக்கு இருந்ததா என்று கேட்டால், இருந்தது. மேடையில் எல்லாக் கதையையுமா படிக்கப் போகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. அதிகாரிகள், வங்கிக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள். நான் மேடை ஓரத்தில் கேடயத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொகுத்து வழங்கிய பெண் முதலில் எடுத்ததே அவளுடைய பக்கம்தான். பின்னால் பெரிய திரையில் அவள் படம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு நல்ல குரல். குடிகாரக் கணவன் என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தி, தினமும் அடி உதை என்ற இடத்தில் நிறுத்தி, நிதானமாகப் படித்தாள்.

நான் மண்டபத்தின் கடைசியைப் பார்த்தேன். ஊஞ்சலை இறக்கி வைத்துவிட்டு அவர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். முதலில் திரையில் தன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. எனக்கும் மைக்குக்கும் நாலு அடி தூரம் இருக்கும். போய் நிறுத்தியிருக்கலாம். கையில் தட்டு இருந்தது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மேடையேறி வந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. கேடயத்தைக் கொடுத்த பிறகு, "நாலு வார்த்தை பேசுங்கம்மா," என்று மைக்கை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டாள்.

"நாற்காலி நான் செஞ்சதுங்க. முள்ளு வெட்டிக் குடுத்ததெல்லாம் எங்க வூட்டுக்காரரு. இங்கதான் இருக்காரு."

அவ்வளவுதான் பேசினாள். மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். கூட்டம் கைதட்டியது. கொடுமை செய்த புருஷனையும் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாளே என்று ஒரு அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் எழுதி வைத்த கதைக்குள்ளேயே அவள் சொன்ன உண்மையும் போய் அடங்கிவிட்டது.

திரும்பும்போது வேனில் அவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மற்றப் பெண்கள் கொஞ்ச நேரம் ஏதோ பேசப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டார்கள். நான் பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்கிக்கொண்டேன். "போய்ட்டு வரேன்," என்றேன். வேன் கிளம்பிவிட்டது.

அலுவலகத்தில் யாரோ அந்த மேடை வீடியோவை வாட்ஸ்அப்பில் போட்டார்கள். அது சுற்றிச் சுற்றிப் பக்கத்து ஊரிலிருந்த அவளுடைய அண்ணன்கள் கைக்குப் போனது. அடுத்து நடந்ததை எனக்குப் போனில் சொன்னவர் குழுத் தலைவி. ஐம்பது வயதுக்காரர், அவரும் அவருடைய மருமகளும் சேர்ந்தே எங்களிடம் பயிற்சிக்கு வந்தவர்கள்.

"அண்ணனுங்க ரெண்டு பேரும் வந்துட்டாங்க மேடம். 'ஒரு வாட்டிதான்னு எங்க வூட்டு வாசல்ல வந்து நின்ன, தினமும் அடிக்கிறியாமே'ன்னு கேட்டு நெஞ்சுல கைய வச்சுத் தள்ளிட்டாங்க. கீழ வுழுந்துட்டாரு. அந்தப் புள்ள குறுக்க வந்து, 'பொய்யி, பொய்யி'ன்னு கத்துது. 'நீ அவனுக்குப் பயந்துகிட்டு சொல்ற'ன்னு அவளையே அதட்டறானுங்க. அந்த மனுசன் ஒரு வார்த்த பேசல மேடம். இல்லன்னுகூட சொல்லல."

ஒரு வாரத்தில் அவர் கர்நாடகத்தில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். அவள் கூடத்துக்கு வருவதை நிறுத்தினாள்.

நான் உடனே போயிருக்க வேண்டும். மூன்று வாரம் போகவில்லை. அடுத்த குழுவுக்கு ஆள் சேர்க்க வேண்டும், தணிக்கைக்கு வருகிறார்கள், மழை, ஸ்கூட்டி பிரேக் சரியில்லை என்று ஒவ்வொரு நாளைக்கும் ஒன்று இருந்தது. பயந்துகொண்டிருந்தேன் என்று அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசியில் போனபோது அவள் சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் போய் நின்றேன். அவளே நிமிர்ந்தாள்.

"வாங்க மேடம்."

அதுவரை என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"நான் அப்படி எழுதியிருக்கக் கூடாதும்மா," என்றேன்.

"எதுக்கு மேடம் எழுதுனீங்க? நான் அழுதுகிட்டா சொன்னேன்? சிரிச்சிகிட்டுதான சொன்னேன்?"

"தப்புதான்."

"என்கிட்ட தப்புன்னு சொல்லி என்னா ஆவும்? எனக்குத்தான் தெரியுமே. எங்கண்ணனுங்ககிட்ட சொல்லுங்க. ஊருக்கு முன்னாடி சொல்லுங்க. எம்பொண்ண பள்ளிக்கூடத்துல, 'உங்கப்பா உங்கம்மாவ அடிப்பாராமே'ன்னு கேக்கறாங்க. அதுகிட்ட சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே கூடத்து வாசலில் ஆட்களைக் கூட்டினார்கள். முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். அண்ணன்கள் இருவரும் வந்து நின்றார்கள். அவள் குழந்தையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். நான் உண்மையைச் சொல்லத்தான் மலையேறினேன். அத்தனை முகங்களையும் பார்த்ததும் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"அது இவங்க கதை இல்லீங்க. ஆபீஸ்ல போட்டோ மாறிப் போச்சு. வேற ஒருத்தரோட கதையில இவங்க படத்தைப் போட்டுட்டாங்க."

அண்ணன்களின் முகம் தெளிந்தது. பெரியவன் தலையைச் சொறிந்துகொண்டே, "மாப்ளகிட்ட நான் பேசறேன்," என்றான். யாரோ எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன். அவள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது பொய் என்று அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆனாலும் தன் புருஷன் மேலிருந்த பழி நீங்கியதே என்று பேசாமல் இருந்துவிட்டாள். இறங்கும்போது, வண்டி ஓட்டிக்கொண்டே நான் பாட்டு முணுமுணுத்தேன். பெரிய பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, குழுத் தலைவி பஸ் பிடித்து என் வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மேடம், அது யாரு கதை?"

"எது?"

"வேற ஒருத்தரு கதைன்னு சொன்னீங்களே. பன்னெண்டு பேருல அது யாருன்னு ஊர்ல ஆளாளுக்குப் பேசுனாங்க. கடைசில என் மருமவதான்னு முடிவே பண்ணிட்டாங்க."

தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

"எம்மவன் குடிக்கறவன்தான். அடிக்கறவன்தான். எங்க வூட்டுக்குள்ள எங்களுக்குத் தெரியும். அவ இதுவரைக்கும் அவங்கம்மாகிட்டகூட சொன்னதில்ல. இப்ப, 'நீதானடி ஆபீஸ்ல போயி சொன்ன'ன்னு கேட்டு முந்தாநேத்து போட்டு அடிச்சிட்டான். நான் குறுக்க வுழுந்து இழுத்தேன்." சேலையை விலக்கித் தன் முன்கையைக் காட்டினார். கன்றியிருந்தது. "அவ சொல்லியிருந்தான்னா சொன்னது நல்லதுன்னு நான் சொல்லுவேன் மேடம். ஆனா அவ சொல்லவே இல்லன்னு சத்தியம் பண்றா. அதான் உங்ககிட்டயே கேக்கலாம்னு வந்தேன்."

மூன்று மாதம் தினமும் அந்த மருமகளுக்கு நான் வருகை எடுத்திருக்கிறேன். சில நாள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வருவாள். முள் குத்தாமல் இருக்கப் போடுகிறாள் என்று நினைத்து, மற்றப் பெண்களிடம், "அவளைப் பாத்துக் கத்துக்குங்க," என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். இல்லாத அடியை உட்கார்ந்து எழுதிக் கண் கலங்கிய நான், என் கண்ணெதிரில் அடி வாங்கிக்கொண்டிருந்தவளைப் பார்க்கவில்லை.

அவரிடம் சொன்னேன். "அது யாரோட கதையும் இல்லீங்க. நானே எழுதுனது. அன்னைக்கு ஊர்ல சொன்னதும் பொய்."

திட்டுவார் என்று நினைத்தேன். "ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போவணும். நீங்களும் வர்றீங்களா?" என்றார்.

அதே பஸ்ஸில் போனேன். அந்த முறை கூட்டம் சேர்க்கக் காத்திருக்கவில்லை. முதலில் அவர் வீட்டுக்குப் போனோம். மகன் வாசலில் இருந்தான். அவன் மனைவி உள்ளே நின்றாள். இருவருக்கும் கேட்கிற மாதிரி, அந்தப் பெண் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, கதை நான் ஜோடித்தது என்று சொன்னேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கூடத்துக்குப் போய் அங்கிருந்த பெண்களிடம் சொன்னேன். பிறகு நான் கதை எழுதியவள் வீட்டுக்குப் போய் அவள் குழந்தையிடமும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் போன் போய் அண்ணன்கள் வந்துவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

பெரிய அண்ணன் கேட்டான். "என்னத்துக்குங்க?"

"கதை நல்லா இருக்கும்னு எழுதிட்டேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "எங்க மாப்ள நெஞ்சுல கைய வச்சுத் தள்ளினேங்க நானு," என்றான். திரும்பி நடந்து போய்விட்டான்.

அடுத்த நாள் தர்மபுரி போய் இயக்குநரிடமும் சொன்னேன். வீடியோவை நீக்கச் சொன்னார். கையிலிருந்த புத்தகங்களை ஒதுக்கி வைத்தார்கள். கொடுத்தவற்றைத் திரும்ப வாங்க வழியில்லை. மருமகளுடைய நிலையைச் சொல்லி, பெண்களுக்கான உதவி மையத்திலிருந்து ஒரு அம்மாவை அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அதை உடனே செய்தார். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. அடுத்த மாதக் கடைசியில் அறிக்கை எழுத உட்கார்ந்தபோது ஒரு வரியும் வரவில்லை. வேலையை விட்டேன். இப்போது பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் இருக்கிறேன். சேர்க்கைப் படிவம், மாற்றுச் சான்றிதழ், இவைதான் எழுதுகிறேன்.

அவள் இரண்டு மாதம் கழித்துக் கூடத்துக்குத் திரும்பினாள். எங்கள் நிறுவனத்தின் திட்டம் அந்த வருடத்தோடு முடிந்துவிட்டது. பெண்கள் முடித்துக்கொள்ளவில்லை. ஏழு பேர் சேர்ந்து அவர்களாகவே நடத்துகிறார்கள். மாஸ்டர் கூப்பிட்டால் வந்து புது மாதிரிகள் காட்டிவிட்டுப் போகிறார். ஏற்காட்டு விடுதி மறுபடி நாற்காலி கேட்டது. சேலத்திலும் ஒரு கடை எடுத்துக்கொள்கிறது. எந்தச் சாமான் வெளியே போனாலும் முதலில் அவள் அதில் தொப்பென்று உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அங்கே சட்டமாகிவிட்டதாம். அந்த மருமகளின் புருஷன் திருந்திவிட்டான் என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. திருந்தவில்லை. கையோங்குவது குறைந்திருக்கிறது, குடி குறையவில்லை. அவளும் மாமியாரும் காலையில் கூடத்துக்கு வந்தால் பொழுது சாய்ந்துதான் வீட்டுக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

காப்பித் தோட்டத்துக்குப் போனவர் பொங்கலுக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டார். போன மாசியில் ஒரு மத்தியானம், பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். சேலத்துக்கு அனுப்ப ஆறு நாற்காலிகளைச் சாக்கில் கட்டி வைத்துக்கொண்டு நின்றார். பார்க்காத மாதிரி போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவளிடம் மன்னிப்புக் கேட்டிருந்தேன், ஊரிடம் கேட்டிருந்தேன். எல்லோரையும்விட அதிகமாக அடிபட்ட இவரிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அருகில் போனேன்.

"வாங்க மேடம். நல்லா இருக்கீங்களா?" என்றார்.

"உங்ககிட்ட நான் நேர்ல சொல்லல. என்னை மன்னிச்சிருங்க. அன்னைக்கு அந்த மண்டபத்துல, நீங்க நிக்கறதப் பாத்துகிட்டேதான் சும்மா நின்னேன்."

அவர் நாற்காலிக் கட்டின் கயிற்றை இழுத்துச் சரிசெய்தார். அவிழ்ந்திருக்கவில்லை, இருந்தாலும் சரிசெய்தார்.

"அந்த மொத அறை நெசந்தானுங்களே," என்றார். "மச்சானுங்க கேக்கறப்ப நான் அடிக்கலன்னு எப்படிங்க சொல்லுவேன்? எத்தினி வாட்டின்னு கணக்குச் சொல்லவா முடியும்? அதான் வாய மூடிகிட்டேன்."

அவர் ஏன் பேசாமல் இருந்தார் என்று இத்தனை மாதமும் நான் யோசித்திருந்தேன். அவமானம், கோபம் என்றெல்லாம் நினைத்திருந்தேன். பத்து வருடத்துக்கு முந்தைய ஒரே ஒரு அடியை அவர் இன்னும் சுமந்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னார், அவ்வளவுதான். பஸ் வந்தது. கண்டக்டர் சாமானுக்கு இடமில்லை என்று சத்தம் போட்டார். இருவருமாகக் கட்டைத் தூக்கிப் பின்பக்கத்தில் ஏற்றினோம். "வரேனுங்க," என்று ஏறிக்கொண்டார்.

சித்திரையில் ஒரு நாள் அவளிடமிருந்து போன் வந்தது. அவள் எண்ணைப் பார்த்ததும் பள்ளி வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"மேடம், ஆணி துருப்பிடிக்குதுன்னு கடைக்காரரு சொல்றாரு. முன்ன நீங்க ஒரு கடைல வாங்கித் தருவீங்களே, அது எந்த ஊருங்க?"

அரூரில் கடை இருக்கும் தெருவைச் சொன்னேன். பக்கத்தில் என்ன இருக்கிறது, எந்தப் பஸ் நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதையும் சொன்னேன். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு. அஞ்சாவது போவுது."

"நீ எப்படிம்மா இருக்க?"

பின்னால் ஆணி அடிக்கும் சத்தமும் யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டன.

"வேலையா இருக்கேன் மேடம். வெச்சிடறேன்," என்றாள்.